காணாக் காற்றும் கணித்த காற்றும்

காற்று கண்ணுக்குப் புலனாகாது என்பதில் இந்தியத் தத்துவ மரபுகள் எதற்கும் ஐயம் இருந்ததில்லை. அவ்வாறு புலனாகாத ஒன்றை எந்த அளவையால் அறிவது என்பதில்தான் அவை தம்முள் மாறுபட்டன. அளவை என்பது பொருளை உள்ளபடி அறிவதற்குரிய வழி. வடமொழியாளர் இதனைப் பிரமாணம் என்பர். புலன் பொருளோடு நேரே கூடுவதால் பிறக்கும் அறிவு காட்சி. கண்டதைக் கொண்டு காணாததைத் துணியும் அறிவு கருதல், அதாவது அனுமானம். நம்பத்தக்கவர் சொல்லால் பெறும் அறிவு உரை. சிவஞான சித்தியாரைத் தொடங்கும்போதே அருணந்தி சிவாச்சாரியார் அளவைகளை ஆராய்ந்து, பிறர் எண்ணிச் சொல்லும் பலவும் இம்மூன்றனுள் அடங்கும் என்று முடிக்கிறார். இறைவனைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் தாம் அறியும் வழியைத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பது அந்நூலின் நெறி. அப்பழைய கேள்வி இன்று சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், தரவு மையங்களின் குளிரூட்டலை வடிவமைக்கும் பொறியாளரின் கணினித் திரையில், மறுபடி எழுகிறது. இன்னும் கட்டி முடியாத ஒரு கூடத்தில், இன்னும் வீசத் தொடங்காத காற்று, எங்கே விரையும், எங்கே தேங்கும், எங்கே வெதும்பும் என்பதை அத்திரை சிவப்பும் நீலமுமாகத் தீட்டிக் காட்டுகிறது. அப்படத்தால் கிடைப்பது காட்சியா, கருதலா, உரையா, அல்லது இம்மூன்றில் எதற்குள்ளும் அடங்காத ஒன்றா என்பதே இங்கு ஆராயப்படுவது.

தரவு மையம் என்பது, வங்கிக் கணக்கு முதல் திரைப்படம் வரை இணையத்தின் வழியே நாடப்படும் அனைத்தையும் சேமித்தும் கணக்கிட்டும் தரும் சர்வர் கணினிகள், ரேக் எனப்படும் ஆளுயர இரும்பு அடுக்குகளில் செருகப்பட்டு வரிசை வரிசையாக நிற்கும் கூடம். அக்கணினிகள் உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. எத்தனை நுண்ணிய கணக்கைச் செய்தாலும் அந்த வகையில் அவற்றுக்கும் மின்னடுப்புக்கும் வேறுபாடு இல்லை. ஒரு கிலோவாட் வெப்பத்தை, காற்றின் வெப்பநிலை 10 பாகைக்கு மேல் உயராதபடி அகற்ற வேண்டுமானால், நொடிக்குச் சுமார் 83 லிட்டர் காற்று அதன் ஊடாக ஓட வேண்டும். 5 கிலோவாட் உண்ணும் ஓர் அடுக்குக்கு மணிக்கு ஏறத்தாழ 1500 கன மீட்டர் காற்று தேவைப்படும். அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைக்கும் 18 முதல் 27 பாகை செல்சியஸ் என்னும் வரம்பு, கூடத்தின் சராசரி வெப்பநிலையைக் குறிப்பதன்று. ஒவ்வொரு கணினியின் முகத்துக்குள்ளும் நுழையும் காற்றின் வெப்பநிலையையே குறிக்கிறது. ஆகவே கூடம் முழுவதும் குளிர்ந்திருக்க, ஒரே ஓர் அடுக்கின் உச்சியிலுள்ள கணினி மட்டும் வெந்துகொண்டிருப்பது முற்றிலும் இயலக்கூடியது.

காற்றைக் கொண்டுசேர்க்கும் வழக்கமான முறை ஒன்றை இங்கே விளக்கிக்கொள்வது தேவை. கட்டடத்தின் மெய்யான தரைக்கு ஓரிரு அடி மேலே, கால்களின்மீது இரண்டடிச் சதுரப் பலகைகளைப் பரப்பி இன்னொரு தரை அமைக்கப்படுகிறது. சுவரோரம் நிற்கும் குளிரூட்டிகள் அவ்விரு தரைகளுக்கும் இடைப்பட்ட வெளிக்குள் குளிர்காற்றைச் செலுத்துகின்றன. அக்காற்று, அடுக்குகளின் முன்புறத்திலுள்ள துளையிட்ட பலகைகளின் வழியே மேலெழுகிறது. கணினிகளின் விசிறிகள் முன்புறம் அதை உறிஞ்சிப் பின்புறம் வெப்பக் காற்றாகத் தள்ளுகின்றன. அடுக்குகளின் முகங்கள் ஒன்றையொன்று நோக்கும்படி நிறுத்தி, ஒரு சந்து குளிர்ச்சந்து, அடுத்தது வெப்பச்சந்து என மாறிமாறி வகுக்கும் ஏற்பாடு 1990களின் தொடக்கத்தில் ஐபிஎம்மைச் சேர்ந்த ராபர்ட் சல்லிவனால் முன்வைக்கப்பட்டுப் பின்னர் உலகெங்கும் பரவியது. இந்த ஏற்பாட்டின் நோக்கம், குளிர்ந்த காற்றும் வெம்மையான காற்றும் கலவாமல் காப்பது ஒன்றே. கலக்குமா, கலக்காதா என்பதைத் தீர்மானிக்கும் காற்றோ கண்ணுக்குத் தெரிவதில்லை.

கணாதரின் வைசேடிகம் இங்கு வியக்கத்தக்க அளவுக்கு உதவுகிறது. காற்றுக்கு நிறம் இல்லை, தொடுகை மட்டும் உண்டு என்று வகுத்த அம்மரபு, பிரசஸ்தபாதரின் பதார்த்த தர்ம சங்கிரகத்தில், காற்றைத் துணிவதற்குரிய அடையாளங்களாகத் தொடுகை, ஓசை, தாங்குதல், அசைவு என நான்கைக் கூறுகிறது. உடலில் படும் ஊற்றுணர்வும், இலைகளின் சலசலப்பும், பஞ்சும் துரும்பும் விழாமல் வெளியில் மிதப்பதும், கிளைகள் ஆடுவதும் காற்று உண்டு என்பதற்கான ஏதுக்கள். தொடுகையாலேயே காற்று நேரே புலப்படுகிறது, அனுமானம் தேவையில்லை என்று பிற்கால நவ்விய நியாயத்தார் மறுத்தபோதும், பழைய மரபின் எச்சரிக்கையில் ஒரு நுட்பம் உண்டு: உடலில் படுவது தொடுகை என்னும் பண்பே, அப்பண்பை உடைய பொருளன்று. அம்மரபு மேலும் ஒன்று சொல்கிறது: காற்றின் இயல்பான தொடுகை சூடும் அன்று, குளிரும் அன்று, காற்றில் உணரப்படும் சூடு தீயின் கலப்பாலும், குளிர் நீரின் கலப்பாலும் வந்தவை. வெப்பத்தைத் தனித்த ஒரு பூதமாகக் கொள்வது இன்றைய இயற்பியலுக்கு உடன்பாடன்று. ஆயினும் கணினிக் கணிப்பில் காற்றின் ஓட்டத்துக்கு ஒரு தொகுதிச் சமன்பாடும், அந்த ஓட்டத்தால் சுமக்கப்படும் வெப்பத்துக்குத் தனியே மற்றொரு சமன்பாடும் எழுதப்படுகின்றன என்பதை அறிந்தவர், அப்பழைய பிரிவினையை எள்ளி நகைக்க மாட்டார்.

பிரசஸ்தபாதர் தரும் இன்னொரு குறிப்பு இதனினும் கூர்மையானது. காற்று ஒன்றா பலவா என்னும் கேள்விக்கு விடை தேடும் அவர், எதிரெதிர்த் திசைகளிலிருந்து சம வேகத்தில் வரும் இரண்டு காற்றுகள் மோதும்போது இரண்டும் மேல்நோக்கி எழுகின்றன என்றும், அம்மோதல் காணப்படாவிடினும் மேலெழுச்சியால் துணியப்படுகிறது என்றும், அம்மேலெழுச்சியும் காணப்படாவிடினும் துரும்பு முதலியவை மேலே பறப்பதால் துணியப்படுகிறது என்றும் கூறுகிறார். துரும்பிலிருந்து எழுச்சிக்கும், எழுச்சியிலிருந்து மோதலுக்கும், மோதலிலிருந்து பன்மைக்கும் படிப்படியாக ஏறும் கருதற் சங்கிலி இது. தரவு மையத்தின் இரட்டைத் தரைக்குள் எதிரெதிர்ச் சுவர்களில் நிற்கும் இரு குளிரூட்டிகள் எறியும் காற்றுத் தாரைகள் நடுவில் மோதும் இடத்தில் அழுத்தம் கூடி, அதற்கு நேர் மேலேயுள்ள துளைப்பலகைகளில் காற்று மற்ற இடங்களைவிட வலுத்து எழுகிறது. பலகையின்மேல் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்க்கும் தொழில்நுட்பர், தரைக்கடியில் தாம் ஒருபோதும் காணாத மோதலைத் துணிகிறார். நூற்றாண்டுகள் கடந்தும் ஏதுவும் துணிவும் மாறவில்லை. துரும்பின் இடத்தில் காகிதம் வந்திருக்கிறது.

இந்த வகை அறிவுக்கு எல்லையும் உண்டு. பொது அறிவு என்ன சொல்லும்? குளிரூட்டிக்கு மிக அருகிலுள்ள பலகையில் காற்று மிகுதியாகவும், தொலைவிலுள்ளதில் குறைவாகவும் எழும் என்றே சொல்லும். குழாயடிக்கு அருகிலுள்ள வயலுக்கு நீர் முதலில் பாய்வதைக் கண்டு பழகிய மனம் வேறெப்படி எண்ணும்? மெய்ந்நிலை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. குளிரூட்டியை ஒட்டிய இடத்தில் காற்று கிடையாக மிக விரைந்து ஓடுவதால் அங்கு அதன் நிலையழுத்தம், அதாவது பக்கங்களின்மீது அது செலுத்தும் தள்ளல், குறைந்துவிடுகிறது. ஆகவே அருகிலுள்ள பலகைகளில் காற்று மெலிந்து எழுகிறது, சில வேளைகளில் கூடத்துக் காற்றையே கீழ்நோக்கி உறிஞ்சவும் செய்கிறது. வேகம் தணிந்து அழுத்தம் மீளும் தொலைவுப் பலகைகளிலோ அது செழித்து எழுகிறது. இதை அறியாத ஒருவர் வெப்பம் மிகுந்த அடுக்கைக் குளிரூட்டியின் காலடியில் கொண்டுபோய் வைத்து, நல்லது செய்ததாக எண்ணுவார்.

மணிமேகலையின் 27ஆம் காதையில் அனுமானம் பொது, எச்சம், முதல் என மூவகைப்படும் என்று அளவைவாதி உரைக்கிறான். ஆற்றின் வெள்ளத்தைக் கண்டு மேற்றிசையில் மழை பெய்தது என்று காரியத்திலிருந்து காரணத்துக்குப் போவது எச்சம். கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என்று காரணத்திலிருந்து காரியத்துக்குப் போவது முதல். காகிதத் துண்டைக் கொண்டு தரையடி மோதலைத் துணிந்த தொழில்நுட்பரின் அறிவு எச்சம். அது கட்டி முடித்த கூடத்தில் மட்டுமே இயலும். கட்டுவதற்கு முன்பே அறிய வேண்டியவருக்கு முதல் ஒன்றே வழி. அதற்கு முகில் எது, அது எவ்வாறு மழையாகிறது என்பதற்கான விதி வேண்டும். அவ்விதி 1822இல் பிரான்சின் குளோத் லூயி நவியே எழுதி, 1845இல் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் செம்மைப்படுத்திய சமன்பாடுகளில் இருக்கிறது. பாயும் இயல்புடைய எதுவும், நீரோ காற்றோ, பாய்மம் எனப்படும். பாய்மத்தின் ஒவ்வொரு சிறு பகுதியும் தன்மீது படும் அழுத்தம், உராய்வு, எடை ஆகியவற்றுக்கு ஏற்ப எவ்வாறு முடுக்கம் பெறும் என்பதை அச்சமன்பாடுகள் கூறுகின்றன. அவற்றுக்கு முப்பரிமாணத்தில் எக்காலத்தும் சீரான தீர்வு உண்டா என்பதே இன்னும் நிறுவப்படவில்லை. நிறுவுவோர்க்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்தது இன்றும் கேட்பாரற்று நிற்கிறது. தீர்வு உண்டென்று நிறுவப்படாத சமன்பாட்டைத் தீர்த்துத்தான் உலகின் விமானங்களும் தரவுக் கூடங்களும் வடிவமைக்கப்படுகின்றன என்பது தத்துவ மாணவர் நின்று சிந்திக்கத்தக்க செய்தி.

எழுத்தால் தீராத சமன்பாட்டை எண்ணால் தீர்ப்பதே கணிப்பின் தந்திரம். கூடத்தின் வெளி முழுவதையும் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேகம், ஓர் அழுத்தம், ஒரு வெப்பநிலை என வைத்து, அண்டைக் கட்டங்களோடு அவை பொருந்தும்வரை திரும்பத் திரும்பத் திருத்துவது அது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்பால்டிங்கும், புணே பொறியியல் கல்லூரியிலும் மும்பை ஐஐடியிலும் பயின்று அங்கு சென்ற சுகாஸ் பதங்கரும் 1972இல் வெளியிட்ட 'சிம்பிள்' என்னும் முறை இன்றளவும் இக்கணிப்புகளின் முதுகெலும்பாக விளங்குகிறது. பதங்கரே பிற்காலத்தில் மினசோட்டாவிலிருந்து தரவு மையங்களின் இரட்டைத் தரைக் காற்றோட்டத்தை விரிவாக ஆராய்ந்தார். அம்முறையின் உள்ளியல்பு தத்துவ நோக்கில் சுவையானது. அழுத்தத்தை முதலில் வெறுமனே ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகம் மெய்யானால் வேகம் இன்னதாக இருக்க வேண்டும் என்று காண்கிறது. அவ்வேகத்தின்படி ஒரு கட்டத்துக்குள் நுழையும் காற்றும் வெளியேறும் காற்றும் அளவொவ்வாமல் போகின்றன. காற்று இல்லாததிலிருந்து தோன்றியோ உள்ளதிலிருந்து மறைந்தோ போகாது ஆகையால் ஊகம் பொய் என்று கண்டு அதைத் திருத்துகிறது. அளவொவ்வாமை ஒழியும்வரை இது ஆயிரம் முறையும் நிகழலாம்.

கட்டங்களை எத்தனை சிறிதாக்குவது என்பதில்தான் முதல் இடர் பிறக்கிறது. காற்றின் ஓட்டம் சுழிகளால் ஆனது. கூடத்தின் அகலத்துக்குப் பெரிய சுழி, அதனுள் சிறியது, அதனுள்ளும் சிறியது என அது மில்லிமீட்டர் அளவுவரை இறங்குகிறது. 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு கூடத்தை மில்லிமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்தால் 90,000 கோடிக் கட்டங்கள் வரும். பொறியாளர் பயன்படுத்தும் 10 சென்டிமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்தால் 9 லட்சம் போதும். இடைப்பட்ட சுழிகள் அனைத்தும் கணக்கிலிருந்து விடுபடுகின்றன. விடுபட்டவற்றின் விளைவை ஈடுகட்ட, ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1895இல் காட்டிய வழியில், வேகத்தைச் சராசரியாகவும் சராசரியிலிருந்து விலகும் நடுக்கமாகவும் பிரித்து, நடுக்கத்தின் ஒட்டுமொத்த விளைவை மட்டும் ஒரு மாதிரியால் மதிப்பிடுகிறார்கள். திரையில் தோன்றும் காற்று இந்தச் சராசரிக் காற்று. அது எந்த நொடியிலும் எந்தக் கூடத்திலும் வீசியதில்லை, வீசப்போவதும் இல்லை. ஓர் ஊரின் சராசரிக் குடும்பத்தில் மூன்றரைப் பேர் இருப்பதாகக் கணக்கெடுப்பு கூறினாலும் அந்த அரை மனிதரை எந்த வீட்டுத் திண்ணையிலும் காண முடியாததைப் போன்றது இது. அதனால் அக்கணக்கு பொய்யாகிவிடாது. ஆனால் அது கண்ட பொருளைப் பற்றிய கூற்றும் ஆகாது.

நடுக்கத்தை மதிப்பிடும் மாதிரிகளில் மிகப் பரவலானது கே-எப்சிலான் எனப்படுவது. பிரையன் லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974இல் அளித்த வடிவில் அதில் 0.09, 1.44, 1.92 முதலான ஐந்து மாறிலிகள் உள்ளன. இவ்வெண்கள் இயற்பியலின் அடிப்படை விதிகளிலிருந்து வருவிக்கப்பட்டவை அல்ல. ஆய்வகத்தில் எளிய ஓட்டங்களை அளந்து, அவற்றோடு பொருந்தும்படி தேர்ந்துகொள்ளப்பட்டவை. மலையில் புகை கண்டு நெருப்பைத் துணியும் நியாய மரபின் அனுமானத்தில் அடுக்களை எவ்விடம் பெறுகிறதோ அவ்விடத்தையே இவை பெறுகின்றன. புகையும் நெருப்பும் சேர்ந்திருந்ததை அடுக்களையில் கண்டவர்தான் மலையிலும் அச்சேர்க்கையைத் துணிகிறார். மலை அடுக்களையை ஒத்தது என்பது அத்துணிவின் அடியில் மறைந்திருக்கிறது. தரவுக் கூடத்தின் கணிப்பிலும் எங்கோ ஓர் ஆய்வகத்தின் குழாய் ஓட்டமும் தாரை ஓட்டமும் அடுக்களையாக நின்று, துளைப்பலகையின்மேல் கிழிந்தெழும் காற்றுக்குச் சான்று சொல்கின்றன. மலை அடுக்களையை எவ்வளவு ஒத்தது என்று கேட்பவர் குறைவு.

கேட்காமல் போவதற்குக் காரணம் திரையின் அழகு. பௌத்த அளவைநூலின் தலைவரான திக்நாகர் காட்சிக்குக் கூறும் இலக்கணம், கற்பனை கலவாத அறிவு என்பது. பெயர், இனம், பண்பு முதலியவற்றை மனம் ஏற்றிக்கொள்வதற்கு முன் பொருள் தானாகப் படும் நிலையே காட்சி. கணிப்புப் படத்தில் அவ்வாறு தானாகப் பட்டது ஏதுமில்லை. கட்டங்கள் மனிதர் வகுத்தவை; எல்லை நிலைகள், அதாவது சுவர், பலகை, விசிறி ஆகிய ஓரங்களில் என்ன நிகழ்கிறது என்பதற்கான முன்முடிவுகள், மனிதர் இட்டவை; நிறங்களும் மனிதர் தேர்ந்தவை. நிற அளவுகோலின் மேல் வரம்பை 35 பாகையிலிருந்து 45 பாகைக்கு மாற்றினால், சற்றுமுன் எரிந்துகொண்டிருந்த சிவப்பு அடுக்கு மஞ்சளாகத் தணிந்து நிற்கும்; காற்றில் ஓர் அணுவும் நகர்ந்திருக்காது. கருதலின் விளைவு காட்சியின் உடையை உடுத்து வருவதே இங்குள்ள மயக்கம். எண்களின் பட்டியலைக் கண்டால் ஐயுறும் முதலீட்டாளர் வண்ணப் படத்தைக் கண்டால் நம்புகிறார், கண்ணால் கண்டதாகவே பேசுகிறார். புறநானூற்றின் 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் போக்கையும் காற்று இயங்கும் திசையையும் நேரில் போய் அளந்து வந்தவர்களைப் போல எக்காலத்தும் வரையறுத்துச் சொல்வோர் உண்டு என்று குறிப்பிடுகிறார். அவர்களை அவர் பழிக்கவில்லை. 'போல' என்னும் உவம உருபை மட்டும் விடாமல் இட்டு வைத்திருக்கிறார். அந்த ஒற்றைச் சொல்லின் கண்ணியம் இன்றைய அறிக்கைகள் பலவற்றில் காணக் கிடைப்பதில்லை.

அப்படியாயின் கணிப்பு எந்த அளவை? நியாய சூத்திரம் கூறும் பதினாறு பதார்த்தங்களில் எட்டாவதாகிய தர்க்கமே அதற்குரிய இடம் என்று கொள்வது பொருந்தும். இன்று தர்க்கம் என்பது வாதக் கலை முழுவதற்கும் பெயராகிவிட்டது. நியாய சூத்திரம் இயற்றிய கௌதமரின் மரபில் அதற்கு வரையறுத்த பொருள் உண்டு. உண்மை இன்னது என்று தெரியாத பொருளைப் பற்றி, இது இப்படியானால் இன்னது நேரும், அது நேரக்கூடாதது, ஆகவே இது இப்படியாகாது என்று ஊகித்து வேண்டாத பக்கத்தை விலக்குவதே தர்க்கம். நெருப்பு இல்லையென்றால் புகையும் இருக்கக்கூடாதே என்னும் எண்ணம் அதற்கு எடுத்துக்காட்டு. நியாயத்தார் தர்க்கத்தை மிகவும் மதித்தனர். ஆயினும் அதை அளவைகளுள் ஒன்றாகச் சேர்க்க மறுத்தனர். அளவைக்குத் துணைநின்று ஐயத்தின் ஒரு பக்கத்தை அது தளர்த்தும். தானே நின்று பொருளை நிறுவாது. மேலே கண்ட அழுத்தத் திருத்தல் முறை அணுவணுவாகத் தர்க்கமே: ஊகம், அதன் வேண்டாத விளைவு, ஊகத்தின் மறுப்பு. முழுக் கணிப்பும் அவ்வாறே. அடுக்குகளை இப்படி நிறுத்தினால், குளிரூட்டிகளை இங்கே வைத்தால், வெப்பச்சந்தின் காற்று உச்சியைத் தாண்டி முன்புறம் வந்துவிடும் என்று அது காட்டும்போது ஒரு வடிவமைப்பு விலக்கப்படுகிறது. விலக்குவதில் அது வல்லது. விலக்கப்படாமல் எஞ்சிய வடிவமைப்பு சரியானது என்று உறுதிகூற அதற்கு உரிமையில்லை. அந்த உரிமையைத் திரையின் பெயரால் விற்பவர்கள் தர்க்கத்துக்கு அளவையின் முத்திரையைக் கள்ளமாகக் குத்துகிறார்கள்.

இந்தக் கறாரான பிரிவினை ஏட்டளவில் நிற்பதன்று. கூடங்களில் நேரும் பிழைகள் இதனைப் புறக்கணிப்பதிலிருந்தே பிறக்கின்றன. நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு என்னும் கூற்று தவறுவது, ஈர விறகு என்னும் மறைந்த நிபந்தனை அதில் சொல்லப்படாததால். இதனை நியாயத்தார் உபாதி என்பர். கணிப்பு மாதிரியில் அடுக்கின் வெற்றிடங்கள் மூடுதகடுகளால் அடைக்கப்பட்டிருக்கும், இரட்டைத் தரையின் அடிவெளி காலியாக இருக்கும், கேபிள் நுழையும் துளைகள் இறுக்கமாக இருக்கும். கட்டிய கூடத்தில் இரண்டே ஆண்டுகளில் தகடுகள் கழன்று மூலையில் கிடக்கும், அடிவெளியில் கேபிள் கத்தைகள் அணைபோல் குவிந்திருக்கும், துளைகள் வாய்பிளந்து நிற்கும். இவை ஒவ்வொன்றும் ஓர் ஈர விறகு. அதனினும் மறைந்தது உரையின் பங்கு. கணிப்பாளர் இடும் வெப்ப அளவு பெரும்பாலும் அவர் அளந்தது அன்று, தயாரிப்பாளர் சொன்னது. கணினியின் பெயர்த்தகட்டில் பொறித்த மின்னளவு மின்கம்பிப் பாதுகாப்புக்காகத் தரப்படும் உச்ச வரம்பு. அது மெய்யான வெப்பத்தைவிட மிகுதியானது, அதனை வெப்பக் கணக்குக்குக் கொள்ளலாகாது என்று ஆஷ்ரேயே அறிவுறுத்துகிறது. மென்பொருளின் உள்ளே நடப்பதையும் அதனைப் பயன்படுத்துவோர் படிப்படியாகச் சரிபார்க்க இயலாது. அறிவியல் தத்துவ அறிஞர் பால் ஹம்ஃப்ரீஸ் 2004இல் வெளியிட்ட நூலில் இவ்வகை ஊடுருவிக் காண முடியாமையைக் கணினிக் கணிப்புகளின் தனித்தன்மையாகவே எடுத்துக்காட்டினார். கருதலாகத் தோன்றுவதன் பெரும்பகுதி, பிரித்துப் பார்த்தால், யாரோ சொன்ன உரையாக முடிகிறது. சொன்னவர் நம்பத்தக்கவரா என்னும் கேள்வியும் கூடவே வருகிறது.

இதற்கு வலிய மறுப்பு ஒன்று உண்டு. பயன் தருமானால் அது அறிவுதானே, வகைப்பெயரால் என்ன என்று கேட்கலாம். 2016இல் லண்டனின் டீப்மைண்ட் நிறுவனம், நவியே-ஸ்டோக்ஸ் சமன்பாடு எதையும் தீர்க்காமல், கூகுள் தரவு மையங்களின் உணரிகள் ஆண்டுக்கணக்கில் பதிந்த அளவுகளைக் கொண்டு இயந்திரக் கற்றலால் குளிரூட்டலைச் சீரமைத்து, அதற்காகும் மின்சாரத்தை 40 விழுக்காடுவரை குறைத்ததாக அறிவித்தது. காரணம் அறியாமல் உடனிகழ்ச்சியை மட்டும் அறிந்தே இது கைகூடியது. சைவ சித்தாந்தத்திலும் இதற்கு இணை உண்டு: கருட பாவனை செய்யும் மாந்திரிகர் கருடனாகிவிடுவதில்லை, ஆயினும் நஞ்சு இறங்குகிறது என்று சாத்திரம் பேசுகிறது. பாவனை பொருளாகாது, ஆனால் பயன் செய்யும். ஏழாம் நூற்றாண்டின் பௌத்தப் பேரறிஞர் தருமகீர்த்தி இந்தப் பயன்செய் ஆற்றலையே அறிவின் உரைகல்லாக வைத்தவர். ஆனால் அவர் பிரமாண வார்த்திகத்தில் காட்டும் உவமை, மறுப்பாளர் எண்ணுவதைவிட நுண்ணியது. ஒருவர் மணியின் ஒளிக்கதிரைக் கண்டு அதனையே மணி என்று எண்ணி ஓடுகிறார். இன்னொருவர் விளக்கின் ஒளிக்கதிரைக் கண்டு அதனை மணி என்று எண்ணி ஓடுகிறார். ஒளியைப் பொருளாகக் கொண்டதால் இருவர் அறிவும் பிழையே. ஆயினும் முதலாமவர் கையில் மணி கிட்டுகிறது, இரண்டாமவர் கையில் கிட்டுவதில்லை. கருதல் என்பது பிழையாக இருந்தும் பொருளுக்கு இட்டுச்செல்லும் முதல்வகை அறிவு என்பது தருமகீர்த்தியின் துணிபு. திரையில் வரும் சராசரிக் காற்று மணியின் கதிராகவும் இருக்கலாம், விளக்கின் கதிராகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே போல ஒளிர்வன. ஓடிப்போய்த் தொட்டுப் பார்ப்பவருக்கே வேறுபாடு தெரியும், அடுக்கின் அடியிலும் நடுவிலும் உச்சியிலும் பதித்த வெப்ப உணரிகள் சொல்லும் எண்ணே அந்தத் தொடுகை. டீப்மைண்டின் வெற்றியும் இதற்கு மாறானதன்று, அது தொடுகையிலிருந்தே தொடங்கியது.

கணிப்பின் முன்னோடியாகிய லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் இந்நெறியை வாழ்ந்து காட்டியவர். போரை மறுக்கும் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த அவர், முதல் உலகப் போரில் படைக்கலம் ஏந்தாமல் பிரான்சில் நண்பர் ஆம்புலன்ஸ் பிரிவில் வண்டி ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் நாளுக்குரிய மத்திய ஐரோப்பாவின் வானிலையைக் கட்டங்களாகப் பிரித்துக் கையால் கணித்தார். கைப்பிரதி 1917 ஏப்ரலில் ஷாம்பெயின் போரின்போது தொலைந்து, பல மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்தது. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்பது அவருடைய விடை. அன்று உண்மையில் அது ஏறத்தாழ அசையவே இல்லை. சமன்பாடுகள் சரியானவை, தொடக்கத்தில் இட்ட காற்று அளவுகளும் அழுத்த அளவுகளும் தம்முள் இசையாமையே பிழைக்குக் காரணம் என்பதும், அவற்றைச் சீராக்கிக்கொண்டால் அதே முறை நம்பத்தகுந்த விடை தருகிறது என்பதும் பிற்காலத்தில் அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் செய்த மறுகணிப்பால் தெளிவாயின. வானிலை அலுவலகம் 1920இல் வான்படை அமைச்சகத்தின்கீழ் வந்தபோது ரிச்சர்ட்சன் தம் சமய உணர்வால் அப்பணியைத் துறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய நூலை வெளியிட்டது. அந்தப் பிழையான விடையை அவர் அதிலிருந்து நீக்கவில்லை.